கைமாறிய கண்ணாடி

பாவித்த பொருளொன்றை வாங்கச் செல்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்பது வழக்கம். "இஃது இன்னும் எத்தனை நாள் உழைக்கும்?" என்பது முதற் கேள்வி. "இதை ஏன் விற்கிறார்கள்?" என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு விடை பொருளில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை சமூகத்தில் இருக்கிறது. சந்தையிலே பேரம் பேசுவோரிற் பலர் இந்த இரண்டாவது கேள்வியை விற்பவர்மீது கொண்ட பரிவினாற் கேட்பதில்லை. விலையைக் குறைப்பதற்காகவே கேட்கின்றனர். விற்பவரின் நெருக்கடி எவ்வளவு பெரிதோ, வாங்குபவரின் ஆதாயமும் அவ்வளவு பெரிது. உலகம் இதனைச் சாமர்த்தியம் என்று புகழ்கிறது. அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றிச் சில சொல்வதே நம் நோக்கம். அதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்வது, 2023ஆம் ஆண்டு திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஆசிரியர் நால்வர் கூடி நாம் வாங்கிய ஒரு பழைய கமரா வில்லையாகும்.

கமராவுக்கும் ஆசிரியர்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியடையும். அப்போது திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கரைகளிற் கரைவலைத் தொழில் நடைபெறும். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுத் தோணி புறப்படும். கடலில் அரைவட்டமாக வலையை இறக்கி, மறு கயிற்றுடன் கரைசேரும். பின்னர் இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று மணிக்கணக்கில் இழுப்பர். இத்தொழிலைப் பற்றிய படக்காட்சியொன்றைப் பாடசாலை மண்டபத்தில் அமைக்க வேண்டுமென்று உயர்தர வகுப்பு மாணவர்கள் விரும்பினார்கள். சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்கள் ஏராளம் கிடைத்தன. அவற்றிலெல்லாம் கரையில் நின்று இழுப்போரே இருந்தனர். விடியற்காலை இருளில் அலையை உடைத்துத் தோணியைச் செலுத்துபவரும், அதில் நின்று வலையை மடி மடியாக இறக்குபவரும் எந்தப் படத்திலும் முகமில்லாத கரும்புள்ளிகளாகவே தெரிந்தனர். அந்தப் புள்ளிகளுக்கு முகம் வேண்டும் என்றனர் மாணவர். அதற்குத் தொலைப்பட வில்லை தேவைப்பட்டது.

எல்லாத் தொலைப்பட வில்லையும் இதற்கு உதவாது. மலிவான வில்லையின் துவாரம் சிறியது. 200 மில்லிமீற்றர் குவியத்தூரத்தில் துவாரத்தின் எண் 2.8 ஆயின், ஒளி புகும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 71 மில்லிமீற்றர்; எண் 5.6 ஆயின் அதிற் பாதி. விட்டம் பாதியானால் பரப்புக் காற்பங்காகும். புகும் ஒளியும் காற்பங்கே. நண்பகலில் இந்த வேறுபாடு பெரிதன்று. விடியலிலோ, நால்மடங்கு ஒளிதான் கலங்கிய நிழலையும் தெளிந்த முகத்தையும் வேறுபடுத்துவது. ஆகவேதான் செய்திப் படப்பிடிப்பாளரும் விளையாட்டுப் படப்பிடிப்பாளரும் 80 முதல் 200 மில்லிமீற்றர் வரை நீண்டு குறுகக்கூடிய, துவார எண் 2.8 மாறாத பெரிய வில்லைகளைச் சுமந்து திரிந்தனர். அத்தகைய வில்லை ஒரு கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. புதியதாக வாங்குவது ஆசிரியரின் கனவிலும் நடவாதது. பழையது மட்டும் எப்படி எட்டும் விலைக்கு வருகிறது?

கண்ணாடி மூப்படைந்து விட்டதனாலன்று. நன்கு பேணிய வில்லை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் முதல் நாளிற் போலவே ஒளியை வளைக்கும். விழுந்தது கண்ணாடியின் திறன் அல்ல, அதன் சந்தை. 1891ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் டால்மேயர் முதலியோர் தொலைப்பட வில்லையை அமைத்த காலந்தொட்டு, ஒவ்வொரு தலைமுறையும் முன்னைய தலைமுறையின் கருவியை மலிவாக்கியே வந்திருக்கிறது. நிக்கொன் நிறுவனம் 1959இல் அமைத்த பொருத்துவாயைப் பல பத்தாண்டுகள் கைவிடவில்லை. ஆயினும் வில்லையைத் தானாகக் குவிக்கும் முறை இடையில் மாறிற்று. கனொன் நிறுவனம் 1987இல் தன் பழைய பொருத்துவாயையே விட்டுப் புதியதற்கு மாறியது. 2018இல் இவ்விரு நிறுவனங்களும் உள்ளே ஆடியற்ற புதுவகைக் கமராக்களுக்கென மீண்டும் புதிய பொருத்துவாய்களைக் கொண்டு வந்தன. மாற்றம் நேரும்போதெல்லாம், வசதியுள்ளோர் பழையதை விற்றுப் புதியதை வாங்குவர். பழையதற்கு உதிரிப்பாகம் செய்வது ஒருநாள் நின்றுபோகும். இயந்திரம் உழைப்பினால் தேய்வது ஒன்று; உழையாமல் நிற்கும்போதே, புதிய இயந்திரம் வந்ததனால் மதிப்பில் தேய்வது மற்றொன்று என மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் நூலிலே விளக்கியுள்ளார். பயன்மதிப்புக் குறையாமலே பரிமாற்ற மதிப்பு வீழ்வதை நேரிற் காண விரும்பும் மாணவர், பாவித்த வில்லைகள் விற்கும் கடையொன்றுக்குச் செல்லட்டும்.

நாம் சென்றது கடைக்கன்று. உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், முன்னர் ஸ்ரூடியோ நடத்திய முதியவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். திருமணங்கள், பூப்பு நீராட்டு விழாக்கள், கோயில் திருவிழாக்கள் என நாற்பது ஆண்டுகள் படமெடுத்தவர் அவர். எல்லார் கையிலும் தொலைபேசி கமராவாகிவிட்ட பின்னர் ஸ்ரூடியோ நலிந்தது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடி அதனை மூடுவித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதையும், 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியதையும் நம் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். தாளும் மையும் வாங்க முடியாத படப்பிடிப்பாளர் எதனை அச்சிடுவார்?

மேசைமீது வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வில்லையை வைத்திருந்தார். "மாஸ்டர், வெளிப்பூச்சைப் பாக்காதேங்கோ, கண்ணாடியைப் பாருங்கோ" என்றார். சோதிக்க வேண்டிய முறையையும் அவரே சொல்லித் தந்தார். துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமிருந்து ரோச் லைட்டைப் பாய்ச்சி, முன்புறம் சரிவாக நோக்கினால் உள்ளேயுள்ள குறைகள் தெரியும். தூசி சிறிதிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மங்கலும் நூலிழைகளும் இருந்தால் எச்சரிக்கை வேண்டும். துவாரத்தின் இதழ்களில் எண்ணெய் படிந்திருக்கலாகாது. விட்டவுடன் விரைந்து மூடித் திறக்க வேண்டும். பொருத்துவாயின் திருகாணித் தலைகள் கீறுண்டிருந்தால் வில்லை முன்பே எங்கோ திறக்கப்பட்டது என்று பொருள். மெல்ல ஆட்டிப் பார்த்தால் உள்ளே எதுவும் ஒலிக்கக் கூடாது. இறுதியாக, சுவரில் நாளிதழொன்றை ஒட்டி, முழுத் துவாரத்தில் படமெடுத்து, நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்துகள் தெளிவாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தம் பொருளின் குறையைக் கண்டுபிடிக்கும் வழியை வாங்க வந்தவருக்கே கற்பித்த விற்பனையாளரை நாம் அன்றுதான் கண்டோம்.

குறைகள் இருந்தன. முன் வளையத்தில் ஒரு நசுக்கு. உள்ளே, பின்வரிசைக் கண்ணாடியின் ஓரத்தில், சிலந்தி இழைபோற் பூஞ்சணம். கடற்கரை நகரங்களில் வில்லைக்குப் பெரும் பகை இதுவே. காற்றில் ஈரம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி, இருளும் அசையாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சண வித்து முளைக்கும். தூசியிலும் கைரேகையின் எண்ணெயிலும் அதற்கு உணவு உண்டு. வளர்ந்த இழை சுரக்கும் அமிலம் முதலிற் கண்ணாடியின் மேற்பூச்சையும், நாள் செல்லக் கண்ணாடியையும் அரிக்கும். நாள்தோறும் வெளியே எடுத்துப் புழங்கும் வில்லையில் இது பெரும்பாலும் வருவதில்லை. பெட்டியிற் கிடப்பதையே பிடிக்கும்.

"ஐயா, இதை நீண்ட நாள் எடுக்காமல் வைத்திருந்தீர்களோ?" என்று கேட்டோம்.

"யுத்த காலத்தில இவ்வளவு நீளக் குழாயைத் தோளில போட்டுக்கொண்டு இந்த வீதியால நடக்க ஏலுமோ மாஸ்டர்? தூரத்தில நிக்கிறவனுக்கு இது என்னவாத் தெரியும்? கலியாண வீட்டுக்குச் சின்ன லென்ஸ் போதும். இது டிரங்குப் பெட்டிக்குள்ளதான் கிடந்தது."

இந்த மறுமொழியின் பொருளை அறியத் திருகோணமலையின் வரலாற்றையும் சிறிது அறிய வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பது இந்தத் துறைமுகத்தில் என்றுமே ஆள்வோரின் உரிமையாக இருந்து வந்துள்ளது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அவ்விடத்திலே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும், அவ்வாண்டு முடியுமுன் பிரெஞ்சுக்காரரும் பிடித்தனர். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். இத்தனை முறை கைமாறிய துறைமுகத்தின் விலையைப் பேசும் இடத்திலே அதன் கரையில் வாழ்ந்த மக்கள் ஒருபோதும் இருந்ததில்லை. ஒஸ்டன்பேர்க் மேட்டில் நின்றவர்கள் தொலைநோக்கியால் கடலைப் பார்த்தனர். கடலில் நின்றவர்கள் தொலைநோக்கியால் கரையைப் பார்த்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு வீசிச் சென்றன. 1957இல் ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். ஆயினும் பார்க்கும் உரிமை கரைவாசிகளின் கைக்கு வரவில்லை. 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் காவலரண்கள் பெருகின. பார்ப்பவரே சந்தேகத்துக்குரியவரானார்.

பார்த்ததைப் படமாக்கியவருக்கு நேர்ந்ததையும் இந்நகரம் அறியும். 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை திருகோணமலைக் கடற்கரையிலே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் குண்டு வெடித்து இறந்தனர் என்று அதிகாரத் தரப்பிலே கூறப்பட்டது. 'சுடர் ஒளி' நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிண அறைக்குச் சென்று எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அம்மாதம் 24ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்லப் புறப்பட்ட அவர் வீதியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். சுகிர்தராஜனுக்குத் தொலைப்பட வில்லை தேவைப்படவில்லை. அவர் அருகே சென்றார். எந்த நீண்ட வில்லையும் எட்டாத இடத்துக்கு ஒரு மனிதரின் துணிவு எட்டிற்று. அந்த ஜனவரிக்குப் பின் டிரங்குப் பெட்டியைத் தாம் பல ஆண்டுகள் திறக்கவேயில்லை என்றார் முதியவர். அவரை எவரே குறை சொல்ல முடியும்? அவர் காட்டிய வில்லையின் ஓரத்திற் படர்ந்திருந்த பூஞ்சணம் அந்த ஆண்டுகளின் அச்சத்தில் விளைந்தது என்பதே நம் எண்ணம்.

பின்னர் விலைக்கு வந்தோம். அவர் 75,000 ரூபா கேட்டார். அதே வகை வில்லைக்குக் கொழும்பிலே 110,000 ரூபா வரை கேட்கப்படுவதை நாம் விசாரித்து அறிந்திருந்தோம். ஏன் இவ்வளவு குறைத்துக் கேட்கிறார்? வெளியூர்த் தரகர் ஒருவர் முந்திய வாரம் வந்து, பூஞ்சணத்தைச் சுட்டிக்காட்டி, ஸ்ரூடியோ மூடப்பட்டதையும் விசாரித்து அறிந்து, 50,000 ரூபாவுக்கு மேல் ஒரு சதமும் பெறாது என்று சொல்லிச் சென்றிருந்தார். தம் பொருளின் மதிப்பில் முதியவருக்கிருந்த நம்பிக்கை அன்றோடு உடைந்துவிட்டது. தரகர் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பூஞ்சணம் உண்மை, கடை மூடியதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளில் முதலாவது மட்டுமே வில்லையைச் சேர்ந்தது. இரண்டாவதையும் விலைக்குள் நுழைத்ததே அவருடைய சாமர்த்தியம்.

நாம் ஒருநாள் அவகாசம் கேட்டு வந்தோம். அன்று மாலை பாடசாலையில் விவாதம் எழுந்தது. நம்முள் ஒருவர் சொன்னார்: "கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவதில் என்ன அநீதி? நாம் குறைத்துப் பேசவில்லையே. இதில் மாணவர் பழைய தாளும் போத்தலும் விற்றுச் சேர்த்த பணமும் இருக்கிறது. பிறர் பணத்தில் நாம் வள்ளலாக இருப்பது சரியா?" இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. பொதுப் பணத்தைக் கையாள்பவருக்குச் சிக்கனமும் ஓர் அறமே. நாம் விடை காணாது இருந்தபோது, கரைவலை இழுக்கும் குடும்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்தான். கரைவலை வருமானம் பங்கு பிரிக்கப்படும் முறையை வாசகர் அறிந்திருக்கலாம். வலையும் தோணியும் உடைய சம்மாட்டிக்கு ஒரு பங்கு. இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. அவன் சொன்னான்: "சேர், மீன் குறைஞ்ச நாளில வலையின்ர பங்கை ஒருத்தரும் குறைக்கிறதில்ல. இழுத்தவன்ர பங்கைத்தான் குறைப்பினம். அவனுக்கு அண்டைக்குக் காசு கட்டாயம் வேணும், அதால பேசாம வாங்கிக்கொண்டு போவான். இந்த ஐயாவும் அப்பிடித்தான் கேட்டிருக்கிறார்."

அதன்பின் விவாதம் நீளவில்லை. விற்பவர் எவ்வளவு கேட்கிறார் என்பதை விட்டு, வில்லை எவ்வளவு பெறும் என்பதை மாணவர்களையே கணக்கிடச் சொன்னோம். சந்தை விலை 110,000. பூஞ்சணத்தை நீக்கித் துப்புரவாக்க 15,000. நசுக்குக்கு 5,000. எஞ்சியது 90,000.

மறுநாள் அந்தத் தாளை முதியவரிடம் கொடுத்தபோது அவர் முகம் மாறிற்று. "தர்மம் எனக்கு வேண்டாம் மாஸ்டர்" என்றார். "இது தர்மமில்லை ஐயா, கணக்கு. பிழையிருந்தால் நீங்களே திருத்துங்கள்" என்றோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை வாசித்தார். பிறகு பேனாவை எடுத்தார். "135க்கு மேல திருப்பேக்க வளையம் கொஞ்சம் இறுகுது. உங்கட பிள்ளையள் அதைக் கவனிக்கேல்ல" என்று சொல்லி, மேலும் 5,000 ரூபாவைக் கழித்து, 85,000 என்று எழுதினார். அது நம்முள் ஒருவரின் மாதச் சம்பளத்தைவிட அதிகம். ஆயினும் இரு தரப்பும் தலைநிமிர்ந்து நின்ற விலை அது. பொருளின் குறையை விற்பவரே கூட்டிச் சொல்லவும், அதன் நிறையை வாங்குபவர் கூட்டிச் சொல்லவும் கூடிய பேரம் நடவாத காரியமன்று. ஒருவரின் பசியை மற்றவர் விலையாக்காதிருந்தாற் போதும்.

வில்லை துப்புரவாகி வந்தது. பூச்சில் அரிக்கப்பட்ட மெல்லிய தடம் ஒன்று மட்டும் மாறவில்லை. படத்தில் அது தெரிவதில்லை. முதியவர் இரண்டு சனிக்கிழமைகள் பாடசாலைக்கு வந்து மாணவர்க்குப் பயிற்சி அளித்தார். அவர் விதித்த முதல் விதி படத் தொழிலைவிடப் பெரியது. தூரத்தில் இருப்பவரை அவர் அறியாமலே எடுக்க இந்த வில்லை உதவும். ஆதலால், எவரை எடுக்கப் போகிறீர்களோ அவரிடம் முன்னாள் மாலையே சென்று பேசிவிட்டு வாருங்கள் என்றார். மாணவர்கள் அவ்வாறே தோணிக்காரர்களிடம் சென்றனர். அவர்களோடு தேநீர் குடித்தனர். பங்கு பிரிப்பதையும் கடன் வாங்குவதையும் கேட்டு எழுதினர். அதன்பின் விடியலில் எடுத்த படங்களில், அலையின் உச்சியிலே தோணி நிமிரும் கணத்தில், வலையை ஏந்தி நின்ற மனிதரின் முகம் தெளிவாக வந்தது. படத்தின் கீழே அவர் பெயரையும், அவர் அனுமதியோடு, மாணவர் எழுதினர். தூரத்தைக் குறைத்தது வில்லையென்றால், அதற்கு முந்திய மாலை நேரத்துப் பேச்சும் அதிற் பாதியைக் குறைத்தது.

இன்று நம் பாடசாலைகளுக்கு வேண்டிய கருவிகள் பல. நுணுக்குக்காட்டி, கணினி, இசைக்கருவி, கமரா: இவற்றைப் புதியனவாக வாங்கும் வசதி நெடுநாளைக்கு நமக்கு வரப்போவதில்லை. ஆகவே பாவித்தனவற்றை வாங்குவோம், கூடி வாங்குவோம். வாங்குமுன் கைவிளக்கைப் பாய்ச்சி உள்ளே நன்றாகப் பார்ப்போம். "இதை ஏன் விற்கிறார்கள்?" என்றும் கேட்போம், விலையைக் குறைப்பதற்கன்று, விற்பவரின் நிலையை அறிந்து விலையிலிருந்து அதனைப் பிரித்து வைப்பதற்கு. வாங்கியதைத் தலைமையாசிரியரின் இரும்பலுமாரியிற் பூட்டி வைக்காமல் மாணவர் கையிற் கொடுப்போம். நாள்தோறும் வெளிச்சத்துக்கு வரும் கண்ணாடியைப் பூஞ்சணம் எளிதில் அண்டுவதில்லை.